இடது பக்கப் பின்விளக்குக் கண்ணாடி

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சிநேகிதரின் மனைவி எழுதிக்கொள்வது. அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

கூட வரும் பார்சலைப் பிரித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். ஆறு ஊர்களில் பழைய வண்டி உடைக்கும் இடமெல்லாம் அலைந்து, அவருடைய காருக்காக நீங்கள் தேடி எடுத்த அதே பின்விளக்குக் கண்ணாடிதான். நாலு மாதத்துக்கு முன்பே பத்திரமாக வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான். அவரிடம் கொடுக்காமல் தையல் மெஷின் இழுப்பறையில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். நீங்கள் இரண்டு முறை போன் செய்தபோது அவர் தூங்குகிறார் என்றேனே, அதுவும் பொய்.

அவருக்கு ஈரலில் புற்றுநோய், அண்ணா. உங்களிடம் சொல்லக் கூடாது என்றுவிட்டார். தெரிந்தால் தேடுவதை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவீர்களாம். டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம் காரைத் துடைத்துக்கொண்டே, "அந்தக் கண்ணாடி ஒண்ணு வந்துட்டா என் வேலை முடிஞ்சுது. நிம்மதியா கிளம்பிடுவேன்" என்றார். அடுத்த வாரமே பார்சல் வந்தது. இது வராமலே இருந்தால் அவரும் கிளம்ப மாட்டார் என்று தோன்றியது. நாலு எழுத்துப் படித்தவள் செய்கிற காரியமா இது?

நடுவில் உள்ளூர்க் கடைக்காரர் அச்சு அசலாக ஒரு புதுக் கண்ணாடி கொண்டுவந்தார். இவர் விரல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "டூப்ளிகேட்" என்று திருப்பிக் கொடுத்தார். பதினோரு வருடமாக ஒரு திருகாணியைக்கூட ஒரிஜினலாகத் தேடிப் போட்டவர் ஆயிற்றே. "உங்க வாயில இருக்கிற பல்செட் மட்டும் ஒரிஜினலா?" என்று அவரைக் கேட்டேன். சிரித்தார். அதற்கப்புறம் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

இப்போது கஞ்சிகூட இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் நானும் நாற்காலியோடு தூக்கிப்போய்க் காருக்குப் பின்னால் உட்காரவைக்கிறோம். கண்ணாடி இல்லாத அந்த விளக்கு ஓட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று, "நாப்பது வருஷப் பழக்கம். கிடைக்கலன்னு ஒரு வரி எழுதக்கூட அவனுக்கு நேரமில்ல, பாரு" என்று கண் கலங்கினார். நோய்க்குக்கூட அவர் அழுததில்லை. அவருக்கு ஆயுசு தேடப்போய், அவருடைய சிநேகிதனைப் பறித்துவிட்டேன்.

நானே எடுத்துக் கொடுத்திருக்கலாம். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. அதோடு, அது உங்கள் கையிலிருந்து அவருக்குக் கிடைக்க வேண்டியது. டாக்டர் மாதக் கணக்கை விட்டுவிட்டு நாள் கணக்குக்கு வந்துவிட்டார். அதனால்தான் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். அவருடைய கட்டில் தெருவாசலுக்கு நேரே இருக்கிறது. நீங்கள் வெறுங்கையோடு வருவதை அவர் பார்க்கக் கூடாது.

இப்போதுதான் கிடைத்தது என்று சொல்லுங்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று திட்டுவார். எனக்குச் சேர வேண்டிய திட்டு அது. எனக்காக நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடியை அவர் கையிலேயே கொடுங்கள், நகத்தால் தட்டிப் பார்க்கட்டும். மாட்டி முடித்தபின் கிளம்புகிறேன் என்றால் கிளம்பட்டும். இனிமேல் நான் தடுக்க மாட்டேன். சீக்கிரம் வாருங்கள், அண்ணா.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உங்கள் தங்கை