இரண்டு பேரின் குளிசை

காலையில் பிரஷர் குளிசையை நாக்கில் வைத்ததும் அந்தக் கசப்போடு நீ வந்து நின்றாய். இப்போது ஒழுங்காக விழுங்குகிறேன், மச்சான். சிரிக்காதே.

திருகோணமலைத் துறையில் மூட்டை தூக்கிய காலத்தில் நமக்கு ஒரே கிளினிக், ஒரே குளிசை. அதைப் போட்டால் எனக்குத் தலை இடிக்கும்.

"உனக்கு ஏலாதெண்டா என்னட்டத் தா. ரெண்டாப் போட்டாக் கெதியாச் சுகம் வரும்" என்றாய்.

"ஓம், எருமைக்கு எருமையளவு மருந்துதானே வேணும்" என்று சிரித்துக்கொண்டே தந்தேன். மாதக்கணக்காகத் தந்தேன்.

பிறகு உன் மூட்டுகள் வீங்கின. கால் முழுக்க ஊதாப் புள்ளிகள் எழும்பின. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? துறையில் எல்லோர் முன்னாலும் கத்தினேன்: "வாறார் பாருங்கோ, கந்தளாய்க் காட்டுச் சிறுத்தை!"

உன் முஷ்டி என் வாயில் இறங்கியது. முன்பல் இரண்டு போயின. நான் உன் நெஞ்சில் குத்தினேன். நீ குனிந்து இருமினாய். சிமெந்துத் தரையெல்லாம் இரத்தம். "ஆளைக் கொன்டுபோட்டான்!" என்று யாரோ அலற, மீன் தோணியிலிருந்து உன் தம்பி துடுப்போடு பாய்ந்தான். முதல் அடியிலேயே என் முழங்கை முறிந்தது. அடுத்த அடிகள் நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில். தம்பி பக்கத்தில் நிற்க, டாக்டர் உன் புள்ளிகளை அழுத்திப் பார்த்தார்.

"ரத்தம் வந்தது குத்தினதால இல்லை. பிரஷர் குளிசையால ரத்தக் குழாயெல்லாம் அழன்று புண்ணாப் போச்சு, நெஞ்சுக்குள்ளயும்தான். எத்தினை போட்டனீங்கள்?"

"ரெண்டு பேற்ற அளவு."

"ஆர் தந்தது?"

நீ என்னைப் பார்த்தாய். என் வாயில் பஞ்சு. இல்லாவிட்டாலும் பேசியிருக்க மாட்டேன்.

"ஒருத்தரும் தரேல்லை. இவன்ர பைக்குள்ள களவா எடுத்தனான்" என்றாய்.

அவர்கள் அப்பால் போனதும் என் பக்கம் திரும்பினாய். "பொக்கை வாயா, வாயைத் திறக்காத. தம்பி மற்றக் கையையும் முறிச்சுப்போடுவான்."

ஐந்தாம் நாள் இரத்தம் கக்கியே போனாய்.

மாதம் ஒன்று கழித்து உன் தம்பி ஒரு பாரை மீனோடு என் வாசலில் நின்று அழுதான். "அண்ணன் உங்கட குளிசையைக் களவெடுத்தவர். நான் உங்களைப் போட்டு அடிச்சுப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மன்னித்தேன் என்றேன். மீனையும் வாங்கிக்கொண்டேன்.

முழங்கை இன்றும் நிமிராது. பேரப்பிள்ளைகளிடம் கப்பல் நங்கூரம் விழுந்தது என்று புளுகுகிறேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், மச்சான்: அந்த அடி ஆள் மாறி விழவில்லை.