பூட்டாமல் போட்ட கார்டு

என் அருமை ருக்கு,

நீ போய் இன்றோடு பதினேழு நாள். மண்டி மொஹல்லா வீட்டில் உன் மருந்து பாட்டில்கள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. அழுகை வரவில்லை. ஆபீசுக்குப் போகிறேன், வருகிறேன்.

என்ன வேலை என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாய். கோயமுத்தூர் ஜில்லா போலீசும் நம் சமஸ்தானப் போலீசும் தேடுகிற ஆட்களைப் பற்றிச் சங்கேதத்தில் தந்தி அடிப்பார்கள். அதை எழுத்தெழுத்தாகப் பிரிப்பவன் நான். பெண்டாட்டியிடம்கூட வாய் திறக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஜுரம் முற்றிய அன்று, "ஏனுங்க, அண்ணன ஒருக்கா பாக்கோணுங்க" என்றாய். சர்க்காருக்கு எதிராக நோட்டீஸ் அச்சடித்த கேஸில் கோயமுத்தூர்ப் போலீஸ் உன் அண்ணன் நஞ்சப்பனைத் தேடுவது தெரிந்தும், கொள்ளேகாலத்துக்கு உன் அப்பா பேரில் ஒரு கார்டு போட்டேன். "ருக்குவுக்கு முடியவில்லை. நஞ்சப்பனை வியாழக்கிழமை வரச் சொல்லவும்." ஊரார் செய்தியையெல்லாம் பூட்டித் திறப்பவன், உன் செய்தியைக் கண்டவர் படிக்கும்படி அனுப்பினேன். ஒரு கவருக்குள் வைக்க ஏன் தோன்றவில்லை?

மூன்றாம் நாள் தந்தி வந்தது. பிரிக்கப் பிரிக்க நம் மொஹல்லா வந்தது, உன் அண்ணன் பெயர் வந்தது, கடைசியில் வியாழன். என் கார்டுதான், ருக்கு; தபாலிலேயே போலீஸ் படித்திருக்கிறது. பென்சில் நின்றுவிட்டது.

"என்னப்பா, நின்னுட்டே? பேகனே ஓது மாராயா" என்று கன்னடமும் தமிழுமாக அவசரப்படுத்தினார் இன்ஸ்பெக்டர்.

படித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இது நிம்ம மனை அல்லவா? வீட்ல மூச்சு விடாதே."

விடவில்லை. ஒரு எழுத்தையாவது மாற்றிப் படித்திருக்கலாமே?

வியாழக்கிழமை தெருமுனையில் வெற்றிலைக் கூடையோடு உட்கார்ந்திருந்தவர் போலீஸ்காரர். ஜன்னலில் நின்று பார்த்தேன். உன் அண்ணன் முனைவரைக்கும் வந்தார். பிடித்துக்கொண்டு போனார்கள்.

"அண்ணன் வந்துட்டாருங்களா?"

"வழியில இருப்பாரு."

சாயங்காலம் மறுபடி கேட்டாய். "அண்ணனுக்கு எம்மேல கோவமாட்ட இருக்குதுங்க." அப்படியே நினைத்துக்கொண்டு மறுநாள் போய்விட்டாய்.

கோபமில்லை, ருக்கு. அடையாளம் தெரியக்கூடாதென்று அந்தப் பெரிய மீசையை மழித்துக்கொண்டு வந்திருந்தார். பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

கோயமுத்தூர் ஜெயிலில் உன் அண்ணனைப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. காட்டிக்கொடுத்தது கொள்ளேகாலத்துச் சிநேகிதன் ஒருவன் என்று அங்கே புகைந்துகொண்டிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். கார்டு போட்டதும் நான், தந்தியைப் பிரித்ததும் நான் என்று என் வாயாலேயே சொல்லிவிடுவேன். நீ கடைசிவரை அவரைக் கேட்டாய் என்பதையும் சொல்வேன். வேலை போனால் போகட்டும்.

அவர் இனிமேல் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும்,
உன் வீட்டுக்காரன்.