பாதி நிழல் பாத்தி

ஜனவரி 14, ஹாவிக், தென்னாப்பிரிக்கா

காலையில் முன் தோட்டத்துப் பாத்தியை அளந்தேன். தபால்பெட்டியிலிருந்து மேற்கு வேலிவரை ஏழு மீட்டர். நேற்றுவரை மதியம் ஒரு மணிக்குப் பின் பக்கத்து வீட்டு சுவானேயின் அவகாடோ மரம் அதை மூடிக்கொள்ளும். இன்று மரம் இல்லை. பழம் விழுந்து புதுக் காரின் கூரை நெளிந்ததாம், அடியோடு அறுத்துவிட்டார்.

பாத்தியில் இருப்பவை என் மனைவி மாங்குபானே வைத்த கிளிவியாக்கள், இருபத்திரண்டு. ஒன்பது அவளே விதை போட்டு வளர்த்தவை. விதையிலிருந்து பூ வர ஐந்து வருடம். இந்தச் செப்டம்பரில் முதல் பூ வந்திருக்கும். அவள் இறந்து இரண்டு வருடமாகிறது. நாள் முழுதும் நேர் வெயில் பட்டால் இந்தச் செடியின் இலை வெந்துவிடும்.

வேலியருகே நின்று சுவானேயிடம் கேட்டேன்.

"மரம் என்னுது, பாபா மபாசோ. நிழல் தானா விழுந்தது. நீங்க வக்கீல், உங்களுக்கு நான் சொல்லணுமா?"

ஜனவரி 15

சொல்ல வேண்டியதில்லைதான். அடுத்தவர் மரத்தின் நிழலுக்கு எவரும் உரிமை கோர முடியாது. முப்பத்தொரு வருடம் தொழில் செய்தவன். ஆயினும் நூல்களை இரண்டு முறை புரட்டினேன். முடியாது.

ஜனவரி 23

நிழல்வலை கட்டினேன். காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று.

பிப்ரவரி 2

பதினேழு போயின. விதைச் செடிகள் ஒன்பதும் அதில் அடக்கம். கன்றின் அடித்தண்டு பச்சையாக இருந்தால் அரிதான மஞ்சள் பூ, சிவந்திருந்தால் ஆரஞ்சு என்று அவள் காட்டிக்கொடுத்திருக்கிறாள். அழுகியவற்றைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்பதும் பச்சை.

ஏன்யா பாத்தே? பாத்து இப்ப என்ன ஆகப்போவுது?

பிப்ரவரி 6

காலியான பாத்திக்கு என்ன வைப்பது? நாற்றுப்பண்ணைப் பெண் வெயில் தாங்கும் செடிகளாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் வேறொரு பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். மூங்கில் — வேர் வேலி தாண்டினால் இழப்பீடு நான் தர நேரும். படர்கொடி — அதே சிக்கல். நாற்றமடிக்கும் பூ — தொல்லை கொடுத்ததாக வழக்கு வரும். சட்டத்துக்குள் நின்று அந்த மனிதருக்கு வலிக்கச் செய்யும் செடி ஒன்றுகூடவா இல்லை?

பிப்ரவரி 9

செடி வேண்டாம். மரமே இருக்கிறது.

வேலியோரம் நிற்கும் என் ஜக்கரண்டாவின் நிழல் காலை முதல் உச்சிவரை சுவானேயின் முன் பாத்தியில் விழுகிறது. அங்கே இருப்பவையும் கிளிவியாக்கள். ஊர்க் கண்காட்சியில் மூன்று வருடம் கோப்பை வாங்கிய பாத்தி. ஜக்கரண்டா அயல்நாட்டு மரம்; வெட்டினால் அரசாங்கமும் மறுப்புச் சொல்லாது. இவ்வளவு சுத்தமான வழக்கு எனக்குத் தொழிலில் ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை.

பிப்ரவரி 17

மரம் அறுக்க ஹ்லெங்கிவே வந்தாள். அண்ணாந்து பார்த்துவிட்டு நோய் ஒன்றும் இல்லையே, எதற்கு என்றாள். நிழல் அதிகம் என்றேன்.

"யாருக்கு, பாபா?"

கேட்டைத் திறந்துவிட்டேன்.

இரண்டாவது கிளை விழுந்தபோது சுவானே வேலிக்கு வந்தார். எட்டு நாளாக மனத்தில் எழுதி வைத்திருந்ததை ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன். "மரம் என்னுது, பாபா சுவானே. நிழல் தானா விழுந்தது."

மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 24

முப்பத்தாறு டிகிரி. வேலி இடுக்கில் பார்த்தேன். அங்கே இலைகள் வெளுக்கத் தொடங்கிவிட்டன.

மார்ச் 8

சுவானே கேட்டில் நின்றார், கையில் ஒரு வாளி. உள்ளே நுனி கருகிய மூன்று கிளிவியாக்கள். ஒவ்வொன்றிலும் தகரத் துண்டு. கொடுத்தவர் பெயரைக் கீறி வைப்பது இந்தச் செடி வளர்ப்பவர்களின் வழக்கம். மூன்றிலும் ஒரே எழுத்து: மாங்குபானே, மஞ்சள்.

"அவங்க தாய்ச் செடியிலேர்ந்து கன்னு பிரிச்சு, வேலி மேல கை நீட்டிக் குடுப்பாங்க. நான் என் ஆரஞ்சைக் குடுப்பேன். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அந்த நேரங்களில் நான் அலுவலகத்தில் இருந்திருப்பேன்.

"எட்டு இருந்துச்சு. இப்ப மூணு. என் பக்கம் நிழல் இல்ல. உங்க பக்கமும் இல்ல. எங்க வைக்கிறது, வக்கீலே?"

எதிர்த்தரப்பு ஆவணங்களைப் பார்க்காமல் வாதாட எழுந்த இளம் வக்கீல்களை நான் எத்தனை பேர் முன்னால் கண்டித்திருக்கிறேன்.

மார்ச் 9

மூன்றும் தொட்டியில், என் படிப்பறையில், இந்த ஊரில் நேர் வெயில் வராத தெற்கு ஜன்னலில். அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கவே மாட்டேன். அந்த அஞ்சையும் கொன்னது யாரு?

ஜூன் 30

மூன்றும் உயிரோடிருக்கின்றன. ஒன்று இன்னும் தேறவில்லை. வேலிக்கு மேலாக சுவானே தினமும் விசாரிக்கிறார். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறேன்.

செப்டம்பர் 19

இன்று கண்காட்சி. இருவரும் போகவில்லை.

எங்கே வைப்பது என்று மார்ச்சில் அவர் கேட்டதற்கு இதுதான் பதில்: வேலியில் ஒரு பகுதியைக் கழற்றி, எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு உம்வும்வுக் கன்றை நட்டோம். இந்த மண்ணின் மரம். நிழல் சல்லடையாக விழும், கிளிவியாவுக்கு அதுதான் தோது. ஒப்பந்தத்தை நான் எழுதினேன், இரண்டு பக்கம். மற்றவரின் எழுத்துப்பூர்வமான சம்மதமின்றி எவரும் ஒரு கிளையைக்கூட வெட்டக்கூடாது.

சுவானே கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரிவரை படித்தார். "மன்னிப்புன்னு எங்கயும் வரலியே."

"நீங்க கேக்கலியே."

"நீங்களும் கேக்கல," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மணிக்கு அளந்தேன். என் பாத்தியில் கன்றின் நிழல் இரண்டு சாண். இப்போதைக்கு ஒரு செடிக்குப் போதும். காலையில் அவர் பக்கமும் அவ்வளவுதான் விழும்.

மூன்றில் ஒன்று அவர் பக்கம் போக வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு. எது என்று அதில் இல்லை. தொட்டிகளை வரிசையாக வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே மெலிந்ததை எடுத்து அவருக்கென்று தனியே வைத்தேன்.