முப்பத்தெட்டு மார்க்

கோயம்புத்தூர்
4.2.2025

அன்பு மச்சான் சீனிச்சாமிக்கு,

நலம்தானே? இங்கே நான் அவ்வளவு நலமில்லை. முழங்கால் வலி என்று போனால் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். வைட்டமின் டி ஒன்பதுதான் இருக்கிறதாம். முப்பதாவது இருக்க வேண்டுமாம். என் மூக்குக்கண்ணாடிக் கடை கட்டடத்தின் அடித்தளத்தில் இருப்பது உனக்குத் தெரியும். காலையில் இறங்கினால் பொழுது சாய்ந்துதான் மேலே வருகிறேன். வாரம் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வைட்டமின் டி குறைந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று ஒரு பத்திரிகையில் படித்துத் தொலைத்தேன். அந்தப் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து வயிறு லேசாக இரைந்தாலும் எனக்கு உயிர் போகிறது. வீட்டுக்காரி ரெஹானா சிரிக்கிறாள். உனக்கென்ன மச்சான், சுருளிப்பட்டி வெயிலிலேயே கிடக்கிறவன். அந்த நோய் உன் வாசலைக்கூட மிதிக்காது.

உன் மாப்பிள்ளை
இத்ரீஸ்


சுருளிப்பட்டி
17.2.2025

மாப்பிள்ளை இத்ரீஸுக்கு,

கடிதமும் பத்திரிகைப் பக்கமும் வந்தன. திராட்சைத் தோட்டக்காரனைப் பார்த்து வெயிலில் கிடக்கிறவன் என்கிறாயே, நீ கம்பத்தில் பிறந்தவன்தானா? பந்தலில் கொடி மூடிவிட்டால் அடியில் ஒரு பொட்டு வெயில் விழாது. நாளில் பாதி நான் நிற்பது நிழலில்தான்.

இதை எழுதக் கை கூசுகிறது. இரண்டு மாதமாக எனக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் போகிறது. மூலம் என்று நினைத்து மோர் குடித்துக்கொண்டிருக்கிறேன். முனீஸ்வரி ஒரு நாள் பார்த்துவிட்டாள். பன்னீர் திராட்சையை அள்ளித் தின்றுவிட்டேன், அதன் சாயம் என்று சொல்லிச் சமாளித்தேன். நீ போனில் இதைக் கேட்டுவிடாதே. கட்டின பெண்டாட்டி, ஸ்பீக்கரில் போட்டுத்தான் போனைக் கையில் கொடுப்பாள்.

உன் பத்திரிகையைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. எனக்கும் அந்த வைட்டமின் எவ்வளவு என்று பார்த்துவிடப் போகிறேன்.

மச்சான்
சீனிச்சாமி


சுருளிப்பட்டி
3.3.2025

மாப்பிள்ளை,

முப்பத்தெட்டு! உன்னைவிட நாலு மடங்கு. பள்ளிக்கூடத்தில் ஒரு பரீட்சையில்கூட உன்னை நான் ஜெயித்ததில்லை. தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது பட்ட வெயிலே போதும் போலிருக்கிறது. "அய்யாவுக்கு நல்லாத்தேன் இருக்கு, மாத்திரையே வேணாம்" என்று லேப்பில் இருந்த பெண் சொன்னதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் ரத்தம் நிற்கவில்லை. கம்பத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். "மூலமா வேறயான்னு உள்ள பாத்தாத்தேன் தெரியும். தேனிக்குப் போயி குழாய் விட்டுப் பாத்துருங்க, தள்ளிப் போடாதீக" என்று சொன்னார். பின்வழியாகக் கேமரா வைத்த குழாயாம். நினைத்தாலே உடம்பு குன்றிப்போகிறது. முப்பத்தெட்டு இருக்கிறவனுக்கு அதெல்லாம் தேவையா? நீ போ என்றால் போகிறேன்.

சீனிச்சாமி


கோயம்புத்தூர்
12.3.2025

மச்சான்,

முப்பத்தெட்டைப் படித்ததும் கடையிலேயே சத்தம் போட்டுவிட்டேன். கொஞ்சம் வயிற்றெரிச்சலும்தான். டாக்டர்களுக்கென்ன, எதற்கெடுத்தாலும் உள்ளே விட்டுப் பார்க்கத்தான் சொல்வார்கள். ஒன்பதை வைத்துக்கொண்டு நானே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். முப்பத்தெட்டை வைத்துக்கொண்டு நீ ஏன் அந்த அவமானமெல்லாம் பட வேண்டும்? போக வேண்டாம். காரத்தைக் குறை, கீரை சாப்பிடு. மூலம் தானாக அடங்கும்.

உன் ஒன்பது மார்க் மாப்பிள்ளை
இத்ரீஸ்


சுருளிப்பட்டி
24.6.2025

மாப்பிள்ளை,

நீ சொன்னபடி போகாமல் இருக்கிறேன். காரத்தை விட்டு மூன்று மாதமாகிறது. சில நாள் ரத்தம் நிற்கிறது, சில நாள் கூடுதலாகப் போகிறது. வெளிக்குப் போய்விட்டு வந்தாலும் உள்ளே இன்னும் மிச்சம் இருப்பது போலவே இருக்கிறது. கவாத்து வெட்டக் கையைத் தூக்கி நின்றேன், பத்துக் கொடி வெட்டுவதற்குள் கண் இருட்டிவிட்டது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. நம்மோடு படித்த சுருளியாண்டி போன வாரம் சந்தையில் என்னை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனான். கூப்பிட்ட பிறகு நின்றவன், என் பையை வாங்கிக்கொண்டு பஸ் வரை வந்தான்.

"என்னத்தையோ மறைக்கிறீக" என்கிறாள் முனீஸ்வரி. அந்த முப்பத்தெட்டு இப்போது குறைந்திருக்குமோ? இன்னொரு தடவை பார்க்கட்டுமா?

சீனிச்சாமி


கோயம்புத்தூர்
1.7.2025

மச்சான்,

இது கையில் கிடைத்ததும் அப்படியே தேனிக்குப் பஸ் ஏறு. வைட்டமினைப் பார்க்காதே. அந்தக் குழாயை விட்டுப் பார்.

உன் கடிதத்தை என் டாக்டரிடம் காட்டினேன். இவ்வளவு கோபத்தில் அவரை நான் பார்த்ததில்லை. "குறைவா இருக்கிறவங்ககிட்ட அந்த நோய் கூடுதலா தெரியுதுன்னு ஆராய்ச்சி சொல்லுது. நிறைய இருந்தா வராதுன்னு யாரு சொன்னது? ரத்தம் போற மனுசனை வீட்டுல உட்காரச் சொல்ல நீங்க யாரு?" என்று கேட்டார்.

நேற்று உனக்குப் போன் செய்தேன். "நல்லாருக்கேன் மாப்ள" என்று சொல்லி வைத்துவிட்டாய். முனீஸ்வரி காதில் விழும்படி நான் சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. தப்புச் செய்துவிட்டேன் மச்சான். நீ போ. முடிவு தெரிந்ததும் எழுது, நானும் புறப்பட்டு வருகிறேன்.

இத்ரீஸ்


மதுரை
16.7.2025

இத்ரீஸுக்கு,

போனேன். தேனியில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். பெருங்குடலில் கட்டி. ஈரலுக்கும் போய்விட்டது. நாலைந்து மாதம் முன்னால் வந்திருந்தால் பேச்சே வேறு என்று டாக்டர் முனீஸ்வரியிடம் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வைக்கும்போது உன் கடிதங்கள் அவள் கையில் சிக்கின. உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தாள். என்னைத் திட்டவில்லை, உன்னையும் திட்டவில்லை. "நான் ஒருத்தி வீட்டுக்குள்ளயே கெடந்தேன்ல, எங்கிட்டச் சொல்லாம கோயம்புத்தூருக்கா எழுதிக் கேட்டீக?" என்று மட்டும் கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உன் மேல் கோபமில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது. போக வேண்டாம் என்று நீ சொல்வாய் என்று தெரிந்துதான் உன்னைக் கேட்டேன், அதனால் அதில் பாதி என் மேல்.

நீ வராதே. வந்தால் அழுவாய். உன்னை நான்தான் தேற்ற வேண்டியிருக்கும். அதற்கு இப்போது எனக்குத் தெம்பில்லை.

நீயும் அந்தக் குழாயை விட்டு ஒரு தடவை பார்த்துவிடு. என்ன வந்தாலும் ரெஹானாவிடம் சொல். எனக்கு எழுதாதே.

சீனிச்சாமி