பதில் தர மறுத்தவர்

சாந்தியாகோ
ஏப்ரல் 3

அன்புள்ள எர்மினியா,

உன் கடிதத்தைப் பார்த்து ஒரு கோடைக்காலமே போய்விட்டது. வால்பரைசோவின் கடற்காற்று எங்களையெல்லாம் மறக்கடித்துவிட்டதா? உன் மகள் யஸ்னாவுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன் என்கிற உரிமையில் கோபித்துக்கொள்கிறேன்.

நல்ல செய்தி ஒன்று. நம் ஆய்வு முடிந்துவிட்டது. முதல் சுற்றில் பேசியவர்களிடமே மறுபடி எடுத்த இரண்டாம் சுற்றுக் கணக்கெடுப்பின் முடிவு நாம் நினைத்ததைவிடப் பிரமாதம். அறுபத்தைந்தைத் தாண்டியும் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களைவிட ஆரோக்கியமாகவும் சந்தோஷமாகவும் இருக்கிறார்கள். உழைப்பு உடம்பைக் காக்கிறது! ஓய்வு வயதை எழுபதாக்கலாமா என்று யோசிக்கும் அரசுக் குழு இந்த அறிக்கைக்குத்தான் காத்திருக்கிறது.

கேள்விகளை எழுதியவள் நீ. உன் கணவன் நிபால்தோ இறந்த பிறகு நீ நிறுவனத்தை விட்டு விலகிவிட்டாலும், அட்டையில் உன் பெயர் என் பெயருக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. என் மனைவி கிண்டிய சீமைமாதுளைப் பழப்பாகும் உடன் வருகிறது.

உன் பழைய தோழன்,
ரெனாதோ


வால்பரைசோ
ஏப்ரல் 14

அன்புள்ள ரெனாதோ,

கோபித்துக்கொள், நியாயம்தான். எழுத உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. பழப்பாகை யஸ்னா ரொட்டியில் தடவியே காலி செய்துவிட்டாள். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல்.

அறிக்கையைப் படித்தேன். கையெழுத்துக்கு முன் ஒரே ஒரு சந்தேகம். முதல் சுற்றுக்குக் குலுக்கல் போட்டபோது எங்கள் நிபால்தோவின் பெயர் விழுந்ததே, நினைவிருக்கிறதா? "மச்சான், சாந்தியாகோவே என்னையத் தேடி வருதுடா!" என்று உன்னிடம் எப்படி அலட்டிக்கொண்டார்! கேள்வி கேட்க வந்த பெண்ணை உட்காரவைத்து, மீன் சூப்பை ஊற்றி, இந்த மலைப்பாதையில் தான் பேருந்து ஓட்டிய கதை முழுவதையும் அளந்தார். கடைசியில் அந்தப் பெண்தான் "ஐயா, எனக்கு நேரமாச்சு, விட்டுடுங்க" என்று கெஞ்சினாள்.

இரண்டாம் சுற்று வந்தபோது அவர் இல்லை. அறிக்கையில் அவரை எங்கே வைத்திருக்கிறாய்? தேடிப் பார்த்தேன். இறந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை.

அன்புடன்,
எர்மினியா


சாந்தியாகோ
ஏப்ரல் 22

அன்புள்ள எர்மினியா,

உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று எனக்குத் தெரியும். இது வெறும் வகைப்பாட்டு விஷயம். செலவைக் குறைக்க இரண்டாம் சுற்றைத் தொலைபேசியிலேயே முடித்தோம். கிடைக்காதவர்களை எல்லாம் 'பதில் தர மறுத்தவர்' என்ற தலைப்பில் சேர்த்தோம். நிபால்தோவும் அதில்தான் இருப்பான். எல்லா நாட்டிலும் இப்படி நடப்பதுதான். ஒவ்வொருவரும் என்ன ஆனார் என்று தேடிக் கிளம்பினால் இன்னும் ஒரு வருடம் ஆகும். குழு அதுவரை பொறுக்காது. வேண்டுமானால் அடிக்குறிப்பு ஒன்று போட்டுவிடுகிறேன்.

மனதைக் குழப்பிக்கொள்ளாதே. இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்து வந்தால் போதும். நம் யஸ்னாவைப் பற்றி இங்கே பேசி வைத்திருக்கிறேன். ஓர் ஆய்வு உதவியாளர் இடம் காலியாகிறது. பிள்ளைக்கு ஒரு வழி பிறக்கட்டும்.

உன்,
ரெனாதோ


வால்பரைசோ
மே 2

ரெனாதோ,

உன் கடிதத்தைப் படித்ததும் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

நிபால்தோ பதில் தர மறுத்தாரா? ரொட்டிக்கடையில் வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவரிடம் ஒரு கதை, பின்னால் நிற்பவரிடம் ஒரு கதை சொல்லும் மனிதர் அவர். தவறான எண்ணுக்கு வந்த அழைப்பைக்கூட எடுத்து நலம் விசாரிப்பார். அவர் வாயை யாராலும் அடைக்க முடிந்ததில்லை. நீ ஒரு தலைப்பைப் போட்டு அடைத்துவிட்டாய்.

அவர் எப்படிப் போனார் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், நீ ஒரு தடவை வாசித்தாக வேண்டும். வயது அறுபத்தெட்டு. ஓய்வூதியத்தை நம்பி வீட்டில் உட்கார்ந்தால் மாதத்தில் பாதி நாள் அடுப்பு எரியாது என்றுதான் பேருந்தை விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். மேட்டு வளைவில் நெஞ்சு வலித்ததும் வண்டியை ஓரம் கட்டி, கைப்பிரேக்கை இழுத்து, கதவைத் திறந்துவிட்டு, "எல்லாரும் மெதுவா இறங்குங்க, அவசரமில்ல" என்றாராம். கடைசிப் பயணி இறங்கித் திரும்பிப் பார்த்தபோது தலை ஸ்டீயரிங்கில் சாய்ந்திருந்தது. அவர் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் நீயும் ஒருவன். சுமந்த தோளோடு போய் உட்கார்ந்துதான் அவர் மறுத்துவிட்டதாக எழுதினாயா?

நேற்று பேருந்து நிலையத்துக்குப் போனேன். முதல் சுற்றில் பேசிய மற்ற ஓட்டுநர்களைப் பற்றிக் கேட்டேன். ஓஸ்மானுக்குச் சர்க்கரையில் ஒரு கால் போய்விட்டது. வீட்டில் இருக்கிறார், போய்ப் பார்த்தேன். "எனக்கு யாரும்மா போன் பண்ணாங்க? பண்ணியிருந்தா நல்லாக் கேட்டிருப்பேனே நாலு கேள்வி!" என்கிறார். இன்னொருவர் கல்லறையில்.

முடியாதவர்கள் விழுந்தார்கள், அல்லது வீட்டுக்குப் போனார்கள். மிச்சம் இருந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, உழைப்பு உடம்பைக் காக்கிறது என்கிறாய். கடைசி நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் மட்டும் பயணம் சௌகரியமா என்று கேட்பதுபோல இருக்கிறது. வழியில் தூக்கி இறக்கப்பட்டவர்களை யார் கேட்பது? முதலாம் ஆண்டு மாணவன் இந்தத் தவறைச் செய்தால் நாம் இருவரும் சேர்ந்து சிரித்திருப்போம். நீ தெரிந்தே செய்கிறாய். அதற்குமேல் என் மகளின் வேலையை வேறு தட்டில் வைத்து நீட்டுகிறாய். கடிதத்தை அவளிடம் காட்டினேன். "அம்மா, அவர் வேலை அவர்கிட்டயே இருக்கட்டும். எனக்கு அருவருப்பா இருக்கு" என்றாள்.

என் கையெழுத்து கிடையாது. விடுபட்டவர்கள் ஒவ்வொருவரும் என்ன ஆனார்கள் என்று தேடு. அதற்குப் பிறகு முடிவு எதுவாக வந்தாலும் போடுகிறேன். நம் நட்புக்காக இதைக் கடைசி முறையாகக் கேட்கிறேன்.

எர்மினியா


சாந்தியாகோ
ஆகஸ்ட் 20

அன்புள்ள எர்மினியா,

உன் கோபம் ஆறட்டும் என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. அறிக்கை வெளிவந்துவிட்டது. நீ விரும்பியபடியே உன் பெயரை எடுத்துவிட்டேன். குழு எழுபது வயதையே சிபாரிசு செய்யும்போல் தெரிகிறது. அடுத்த மாதம் மக்களின் கருத்தைக் கேட்கும் பொது விசாரணை, வெறும் சம்பிரதாயம்.

உனக்குப் பிடிக்கும் என்று ஒன்று செய்திருக்கிறேன். முதல் பக்கத்தைப் பார்: 'சோர்வறியா உழைப்பாளி, என் நண்பன் நிபால்தோவின் நினைவுக்கு.' எழுதும்போது கண் கலங்கியது.

இனி என் செய்தி. முதுகுவலி தாங்கவில்லை. "அறுபத்து மூணு வயசுல இவ்ளோ நேரம் நாற்காலியில உக்காரலாமா சார்? போதும், ரெஸ்ட் எடுங்க" என்று மருத்துவர் திட்டிவிட்டார். நிறுவனமும் பெருந்தன்மையாகத் தனி ஏற்பாடு செய்து, இப்போதே ஓய்வூதியத்தோடு என்னை விடுவிக்கிறது. செப்டம்பர் விடுமுறையில் ஏரிக்கரை வீட்டில் ஆட்டுக்குட்டியைச் சுட்டு எல்லாருக்கும் விருந்து. நீயும் யஸ்னாவும் அவசியம் வர வேண்டும். நிபால்தோவுக்காக ஒரு நாற்காலியைக் காலியாக வைக்கிறேன். நீ வருவாய்தானே? ஒரு வரி பதில் போடு.

என்றும் உன்,
ரெனாதோ


வால்பரைசோ
ஆகஸ்ட் 29

ரெனாதோ,

முதல் பக்கத்தைப் பார்த்தேன். அவர் சோர்ந்துதான் செத்தார்.

அவர் பெயர் உன் புத்தகத்தில் இப்போது இரண்டு விதமாக இருக்கிறது. முன்னால் சோர்வறியாதவர். உள்ளே பதில் தர மறுத்தவர். இரண்டும் பொய். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து இத்துடன் அனுப்புகிறேன். என் வீட்டில் அது இருக்க வேண்டாம்.

விசாரணைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஓஸ்மான் ஊன்றுகோலோடு வருகிறார். யஸ்னா அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வருகிறாள். அந்தக் கேள்விகளை எழுதியவள் நான்தான் என்பதையும், கேட்கப்படாமல் போனவர்கள் யார் என்பதையும் அங்கே சொல்வேன். அவர்கள் என்ன கேட்டாலும் எவ்வளவு நேரமானாலும் பதில் தருவேன். நிபால்தோவிடம் கற்றுக்கொண்டது.

விருந்துக்கு வருவேனா என்று கேட்டிருக்கிறாய். என்னைப் பதில் தர மறுத்தவள் என்று எழுதிக்கொள். இந்த ஒரு முறை அது உண்மை.

எர்மினியா