மிச்சத்துக்கு ஒரு குறி

சேசு மரி சூசை துணை

புக்கிட் பெலிம்பிங், கோல சிலாங்கூர்
22 நவம்பர் 1959

அன்பு மகன் ராஃபேலுக்கு அம்மா எழுதுவது.

உன் சித்தி ஃப்ளோரா உனக்கு எழுதியது தவறு. நான் உன் வேலையைப் பழிக்கவில்லை, உன்னை ஊருக்கு வரச் சொல்லி அழவும் இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது மட்டும் உண்மை. அது துக்கம் அல்ல, கோபம்.

மான்செஸ்டரில் உங்கள் கம்பெனி கணக்குப் பொறிக்கு உத்தரவு எழுத ஒரு புது மொழி உண்டாக்குகிறது, வகுத்தலுக்கு எந்தக் குறி என்று முடிவெடுக்கும் ஐந்து பேரில் நீயும் ஒருவன் என்று எழுதியிருந்தாய். அதுவரை படித்துவிட்டுக் கோயிலில் நாலு பேரிடம் சொன்னேன். அடுத்த பத்தியையும் படித்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

எல்லா வகுத்தலுக்கும் ஒரே சாய்கோடு போதுமாம். இரண்டு பக்கமும் முழு எண் இருந்தால் பொறி மிச்சத்தைத் தானாகவே தள்ளிவிடுமாம். ஏழை இரண்டால் வகுத்தால் மூன்று! மூன்றரை வேண்டுமென்றால் நாம்தான் புள்ளி வைத்து எழுத வேண்டுமாம். “எழுதுறவங்களுக்குத் தெரியும்மா, தட்டச்சுல ஒரு விசை குறையும்” என்று எனக்குச் சமாதானம் வேறு. கான்வென்டில் சிஸ்டர் கிளேரிடம் இப்படி ஒரு விடையைக் காட்டியிருந்தால் என்னை வெளியே நிறுத்தியிருப்பார்.

அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று மட்டும்தான் உன் விடுதிக்கு எழுதினேன். ஏன் என்று இன்றுவரை சொல்லவில்லை. இப்போது கேள்.

ஐம்பத்தொன்றில், காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று நம் ரப்பர் தோட்டத்துக்கு அரிசியை அளந்து விட்டார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி என்பதால் பங்கிடும் வேலை அப்பாவுடையது. வாரம் நானூறு ராத்தல், நூற்று முப்பத்தொரு தலை. ஆளுக்கு மூன்று போக ஏழு மிஞ்சும். போலீஸ் கொடுத்த தாளில் மூன்றே கட்டம்: வந்தது, தலை, ஆளுக்கு எவ்வளவு. மிஞ்சியதை எழுத இடம் இல்லை. ஏழு பேருக்கு மட்டும் கொடுத்தால் லயத்தில் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பத்தொன்பது வாரம் சேர்த்தால் எல்லாருக்கும் இன்னொரு ராத்தல் வரும் என்று அவர் அதைத் தகர டின்களில் போட்டு வைத்தார். அவருடைய நேர்மை அது. முட்டாள்தனமும் அதுவேதான்.

பதினோராம் வாரம் சோதனை. எழுபத்தேழு ராத்தல் அகப்பட்டது. தாளின்படி எல்லாம் பங்கு போய்விட்டதே, இது யாருக்கு என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் நின்ற, கூலிகளை மேய்க்கும் மண்டோர் செல்லன், “என்னா கிராணியாரே, காட்டுல யாருக்கு லா கல்யாணம்?” என்று பல்லைக் காட்டினான். நான் ஸ்டேஷனுக்கே போய், அந்த அதிகாரியின் மேசை மேல் ஆங்கிலத்தில் வகுத்துக் காட்டினேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் மிச்சம் என்று ஒன்றும் இல்லையே மேடம் என்றார்.

பதினான்கு மாதம் தடுப்புக்காவல் முகாம். இருமலோடு திரும்பினார். அடுத்த ஈஸ்டருக்கு அவர் இல்லை.

எழுதுகிறவர்களுக்குத் தெரியும் என்றா சொல்கிறாய்? உன் அப்பாவுக்கும் தெரியும். தெரிந்து என்ன ஆயிற்று? நாளைக்கு உன் பொறி கக்கும் தாளை ஒருவன் இன்னொருவன் முகத்துக்கு நேரே நீட்டுவான். அதில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்பான்.

பின்னத்தோடு வகுக்கச் சாய்கோடு இருக்கட்டும். முழு எண்ணாக வகுக்கப் பள்ளிக்கூடக் குறியைத் தனியாக வையுங்கள், நடுவில் கோடும் மேலும் கீழும் புள்ளியுமாக. மிஞ்சியது எவ்வளவு என்று கேட்க இன்னொன்று. தள்ளுகிறவன் தன் கையால் எழுதித் தள்ளட்டும்.

மற்ற நால்வரும் வெள்ளைக்காரர்கள், மூத்தவர்கள், எதிர்த்துப் பேசினால் வேலை நிலைக்காது என்று பயப்படுகிறாய். வேலையை விட்டுவிடு என்று நான் எழுத மாட்டேன். அது உன் பிழைப்பு. அந்த மேசையில் அப்பாவின் பெயரையும் இழுக்க வேண்டாம். கணக்கைச் சொன்னாலே போதும்.

டிசம்பர் பத்தாம் தேதி கூடுகிறீர்கள். குளிரில் மார்பை மூடிக்கொண்டு போ. ஆண்டவர் உன் நாவில் இருக்கட்டும். அன்று நீ என்ன பேசினாய் என்பதை ஃப்ளோரா மூலம் சொல்லி அனுப்பாதே. எனக்கு எழுத்தில் பதில் போடு.

அம்மா,
அகதா அமலதாஸ்