காலையில் விரல் மடங்குதா

ஆலத்தூர் நாடு, கொல்லிமலை
10.6.2001

மருமகள் சுமித்ராவுக்கு அத்தை பாப்பாயி எழுதுவது. அரப்பளீஸ்வரர் புண்ணியத்தில் நான், உன் புருசன் குணசேகரன், தாரணிக் கண்ணு மூணு பேரும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறேன்னு எனக்குத் தெரியாது. அறிவொளி வகுப்பில் கத்துக்கிட்ட எழுத்து கோணலாத்தான் இருக்கும். சிரிக்காதே.

பலாப்பழம் விழுந்து அழுகிக் கிடக்குது, அறுக்க ஆளில்லை. மேலுக்கு முடியலைன்னு பிள்ளையைக்கூட விட்டுட்டு அடிவாரத்தில் இருக்கிற அண்ணன் ஊட்டுக்குப் போனவ இன்னும் வரலை. காய்ச்சல் இல்லை, புண்ணு இல்லை. படம் புடிச்சும் ஒண்ணும் தெரியலைன்னு உன் அண்ணனே சொன்னான். ஒண்ணும் இல்லாத இடத்தில் எப்படி வலிக்கும்? எனக்குப் புரியலை.

தாரணி காதுகுத்து அன்னைக்கு சாமை குத்தும்போது பாதியில் உலக்கையைப் போட்டுட்டு உக்காந்தே. வந்த சனமெல்லாம் பாத்துச்சு. உன் அண்ணி அம்சவேணி வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சா. ரெண்டையும் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்.

ஆடிப் பதினெட்டுக்குள் வந்து சேரு. இல்லாட்டி எடப்புளி நாட்டில் குணசேகரனுக்கு வேற பொண்ணு பாத்திருக்கோம். திடமான பொண்ணு.

பாப்பாயி

காரவள்ளி
22.6.2001

அன்புள்ள அத்தைக்கு சுமித்ரா எழுதிக்கொள்வது. உங்க எழுத்து நேராத்தான் இருக்குதுங்க அத்தை.

எப்படி வலிக்கும்னு கேட்டிருந்தீங்க. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்க. அதனால் எழுதறேன். காலையில் எந்திரிச்சா விரல் மடங்கறதில்லை. சுடுதண்ணிச் சொம்பைக் கட்டிப் புடிச்சு உக்காந்திருந்தா வெயில் ஏறும்போது மடங்குது. சேலையைப் பிழிய முடியாம சொட்டச் சொட்டக் கொடியில் போடறேன். துடுப்புக் காம்பில் துணி சுத்தித்தான் களி கிண்டறேன். புரண்டு படுக்கிறதுன்னாக்கூட யோசிச்சுத்தான் புரள வேண்டியிருக்கு.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா இது மூட்டில் வர்ற நோவு, பொம்பளைங்களுக்குத்தான் அதிகம், ஆரம்பத்தில் படத்தில் தெரியாதுன்னாங்க. மாத்திரை தந்திருக்காங்க. முழுசாப் போகாதாம், குறையுமாம்.

உலக்கையை நான் போடலைங்க. விழுந்துருச்சு.

வேற பொண்ணு பாக்கறதுன்னா பாருங்க. தாரணியை மட்டும் என்கிட்ட அனுப்பிருங்க. அவ தலைக்கு எண்ணெய் வெக்கிறீங்களா?

சுமித்ரா

கொல்லிமலை
1.7.2001

சுமித்ராவுக்கு,

யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது? துணி சுத்துன துடுப்பு என்னுது. சேலையைச் சொட்டச் சொட்டப் போடறது நான். சுடுதண்ணிச் சொம்பும் என்னுதுதான். இத்தனை வருசமும் ஓரக்கண்ணால் பாத்து வெச்சுக்கிட்டு என்னையே நக்கல் பண்ணி எழுதியிருக்கே. தாரணியைப் படிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, "அப்பத்தா, இது அம்மாவைப் பத்தியா, உன்னைப் பத்தியா?"ங்கறா.

அது மலைக்குளிர். சித்திரை வெயிலிலும் அப்படித்தான் இருக்கும், இருந்தாலும் குளிர்தான். இது நோவுன்னா நான் இத்தனை காலமா நோயாளியா? அப்போ காட்டுல களை எடுத்தது யாரு? உன் புருசனைப் பெத்து வளத்தது யாரு?

எண்ணெய் வெக்கிறேன். சடை பின்னத்தான் வரமாட்டேங்குது.

பாப்பாயி

காரவள்ளி
9.7.2001

அன்புள்ள அத்தைக்கு,

தாரணி மேல் சத்தியமா நக்கல் இல்லைங்க. நீங்க பிழியாமப் போட்ட சேலைத் தண்ணியில் வழுக்கி விழப்போயி, மனசுக்குள்ள உங்களை எத்தனையோ தடவை திட்டியிருக்கேன். வீம்புக்குச் செய்யறீங்கன்னு நினைச்சேன். வலின்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொன்னதே இல்லையே.

பக்கத்தூட்டு பொன்னம்மாள் பெரியம்மாகிட்ட, காலையில் விரல் மடங்குதான்னு ஒருக்காக் கேட்டுப் பாருங்க.

சுமித்ரா

கொல்லிமலை
20.7.2001

சுமித்ராக் கண்ணுக்கு அத்தை எழுதுவது.

பொன்னம்மாகிட்ட கேட்டேன். "மடங்காம? இதென்னடி பாப்பாயி கேள்வி?"ன்னு என் மூஞ்சிக்கு முன்னால் மடக்கி மடக்கிக் காட்டுறா. என்னைவிட மூத்தவ. அப்புறம் எதிரூட்டு ராமாயிகிட்ட கேட்டேன். அவளும் மடக்குறா. எனக்குத் தலை சுத்திப் போச்சு. எல்லாப் பொம்பளைக்கும் இப்படித்தான், ஒருத்தியும் வெளியே சொல்லிக்கறதில்லைன்னுதான் இருந்தேன். அவங்களுக்கெல்லாம் வலிக்கவே இல்லையாம். அப்போ எனக்கு மட்டும் எதுக்கு? சாமி குத்தமா, சாமையா, குளிரா, ஒண்ணும் விளங்கலை.

எடப்புளிக்காரங்களை வரவேண்டாம்னு சொல்லிவிட்டேன். உனக்காக இல்லை. நாளைக்கு அந்தப் பொண்ணும் எதையாவது கீழே போட்டா, அவ மேல் கோவப்படறதா வேண்டாமான்னு எனக்கு இப்போ தெரியலை. குணசேகரன் அதைக் கேட்டுட்டு அன்னைக்கு ஒரு உருண்டை களி கூடுதலாத் தின்னான்.

காதுகுத்துச் சங்கதியை நான் மறக்கலை. அம்சவேணி சிரிச்சதை மறக்கவே மாட்டேன், அவகிட்டயும் சொல்லிரு.

வர்ற செவ்வாக்கிழமை தாரணியைக் கூட்டிக்கிட்டு முதல் பஸ்ஸுல கீழே வாரேன். வளைவில் எனக்கு வாந்தி வரும், இறங்கற இடத்தில் தண்ணியோட நில்லு. அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. எனக்கு வலிக்குதுன்னு என் வாயால் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை. அந்த டாக்டரம்மாகிட்டயும் சொல்ல வராது. நீயே சொல்லிரு. உன்னோடதைச் சொல்ற மாதிரியே சொல்லு, சரியா இருக்கும்.

உன் அத்தை
பாப்பாயி